அரைத் துளி டீசல், பத்து லட்சம் தடவை

திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஒரு பழைய டொல்பின் வான் அந்தத் தூரத்தை ஓடி முடிப்பதற்குள் அதன் எஞ்சினுக்குள் எத்தனை தடவை டீசல் பீச்சப்படும்? மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் டீசல் போகும். ஆக, சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 1,000 தடவை, நான்கு சிலிண்டருக்கும் 4,000. அந்த ஒரு நிமிடத்தில் வான் ஓடியது ஒரு கிலோமீற்றர். கொழும்பு போய்ச் சேரும்போது எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடுகிற வான் என்றால், கிலோமீற்றருக்கு 100 மில்லிலீற்றர். அதை 4,000 பங்காக்கினால் ஒரு பீச்சலுக்கு 25 கன மில்லிமீற்றர். ஆஸ்பத்திரியில் சேலைன் குழாயில் விழுகிற ஒரு துளியில் பாதி. இந்த அரைத் துளியை, பிஸ்டன் மேலே வந்து சேரும் தறுவாயில், சுமார் இரண்டு மில்லிசெக்கனுக்குள், புகாராக்கி உள்ளே அனுப்புவதுதான் இன்ஜெக்டரின் வேலை. நான்கில் ஒன்று இந்த வேலையில் பிசகினாலும் வான் நடுங்கும், புகையும், காலையில் கிளம்ப அடம்பிடிக்கும்.

டொல்பின் என்று நம் ஊரில் பெயர் பெற்றது டொயோட்டா ஹயஸின் ஒரு தலைமுறை. ஜப்பானில் 1989இல் அறிமுகமாகி 2004 வரை தயாரானது. திருகோணமலையில் அது பள்ளிக்கூட வான், கோணேசர் கோயிலுக்கு வருகிற யாத்திரிகர் வான், நிலாவெளிக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் வான். 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலம் முழுக்க, இருக்கிற பழைய வானைத் திருத்தி ஓடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஆகவே இன்ஜெக்டர் பழுதைச் சரியாகக் கண்டுபிடிப்பது இந்த மாவட்டத்தில் பலருடைய வயிற்றுப்பாட்டோடு சம்பந்தப்பட்ட அறிவு.

பெற்றோல் எஞ்சினில் தீ மூட்டுவது மின்பொறி. டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. டொல்பினில் வரும் 2எல், 3எல் எஞ்சின்கள் உள்ளே வந்த காற்றை ஏறத்தாழ 22 மடங்கு சுருக்குகின்றன. அப்படி நெருக்கப்பட்ட காற்றின் வெப்பநிலை 500 பாகை செல்சியசைத் தாண்டும். டீசல் தானாகப் பற்றிக்கொள்ள அதில் பாதியே போதும். ஆனால் எரிவது திரவமல்ல, ஆவி. துளி சிறிதாக இருந்தால்தான் கண் இமைப்பதற்குள் ஆவியாகும். 25 கன மில்லிமீற்றர் டீசல் ஒரே உருண்டையாக இருந்தால் அதன் மேற்பரப்பு 41 சதுர மில்லிமீற்றர்தான். அதையே 25 மைக்ரோன் விட்டமுள்ள திவலைகளாக உடைத்தால் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மில்லிமீற்றர். ஒரு பயறு மணியின் தோலளவு இருந்தது, தேசிய அடையாள அட்டையை விடப் பெரிதாகிவிடுகிறது. காற்றோடு உரசுகிற பரப்பு இப்படி நூற்றைம்பது மடங்கு பெருகுவதால்தான் எஞ்சின் ஓடுகிறது.

ருடோல்ப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஔக்ஸ்பேர்க்கில் ஓட்டிக்காட்டிய எஞ்சினில் இந்த உடைக்கும் வேலையைச் செய்தது அழுத்தப்பட்ட காற்று. அதற்கென்றே தனியாக ஒரு கம்பிரசர் வேண்டியிருந்ததால் அந்த எஞ்சின் ஆலைக்கும் கப்பலுக்கும் ஒத்துவந்தது, வீதிக்கு ஒத்துவரவில்லை. 1927இல் பொஷ் நிறுவனம் டீசலையே நேரடியாக அழுத்தித் தள்ளும் பம்பைத் தொகையாகத் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் டீசல் லொறியும் பஸ்ஸும் பெருகின.

டொல்பினின் இன்ஜெக்டரில் மின்சாரமோ கணினியோ இல்லை. உருக்குக் கூட்டுக்குள் ஓர் ஊசி, அதை மேலிருந்து அழுத்தும் ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். பம்பிலிருந்து வரும் டீசலின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல நூறு, நூற்றைம்பது மடங்கை எட்டும்போது ஊசி ஸ்பிரிங்கை மீறி எழும்பும். டீசல் பீறிட்டுச் சிலிண்டரோடு இணைந்த சுழலறைக்குள் பாயும். அமுக்கம் விழுந்ததும் ஊசி சட்டென்று அமர்ந்துவிடும். ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு. ஒவ்வோர் ஊசியும் அதனதன் கூட்டோடு சேர்த்துத் தேய்த்துப் பொருத்தப்பட்டது. ஒன்றின் ஊசியை மற்றதன் கூட்டில் போடக்கூடாது.

இனிப் பழுதுக்கு வருவோம். முதல் சாட்சி புகை. கறுப்புப் புகை என்றால் டீசல் கூடிப்போனது, அல்லது சரியாக உடையாமல் துளித்துளியாக விழுகிறது, அல்லது காற்று போதவில்லை. மூன்றாவது காரணத்துக்கு இன்ஜெக்டரைத் தொடவே வேண்டாம், எயார் பில்டரைக் கழற்றித் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். வெள்ளைப் புகையும் கண்ணெரிச்சலும் எரியாமல் வெளியேறும் டீசலின் அடையாளம். ஹீற்றர் பிளக் வேலை செய்யாததாலும் கொம்பிரஷன் இறங்கியதாலும்கூட அது வரும். நீலப் புகை எஞ்சின் ஒயில் எரிவதால் வருவது, இன்ஜெக்டரைக் குற்றம் சொல்லக் கூடாது.

அடுத்தது காது. எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, இன்ஜெக்டருக்கு வரும் பைப்பின் நட்டை ஸ்பானரால் ஒவ்வொரு சிலிண்டராகக் கொஞ்சம் தளர்த்துவார்கள். டீசல் வெளியே கசியும், அந்த சிலிண்டருக்குப் போகாது. எஞ்சினின் சத்தம் இறங்கி நடுக்கம் கூடினால் அந்த சிலிண்டர் அதுவரை உழைத்துக்கொண்டிருந்தது. தளர்த்தியும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் சோம்பேறி அகப்பட்டுவிட்டான். “மூண்டு சிலிண்டரிலதான் ஓடுது” என்று கராஜில் சொல்வது இதைத்தான்.

ஆனால் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பது வேறு, அதன் இன்ஜெக்டர் பழுது என்பது வேறு. இரண்டையும் பிரித்துக் காட்ட அதிகச் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. சந்தேகப்பட்ட இன்ஜெக்டரையும் பக்கத்து நல்ல இன்ஜெக்டரையும் இடம் மாற்றிப் பூட்டி, மறுபடி நட்டைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். கோளாறு இன்ஜெக்டரோடு கூடவே இடம் மாறினால் குற்றவாளி அதுதான். பழைய சிலிண்டரிலேயே நின்றுவிட்டால் வால்வு, பிஸ்டன் ரிங், பம்ப் என்று வேறு திசையில் தேட வேண்டும். ஆய்வுகூடத்தில் ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றிப் பார்க்கிறார்களே, அதே முறை.

கழற்றிய இன்ஜெக்டரை நொசில் டெஸ்டரில் பூட்டும்போதுதான் அதன் உள்விவகாரம் கண்ணுக்குத் தெரியும். கைப்பிடியை மெதுவாக அழுத்தினால் மீற்றரின் முள் ஏறும். உரிய இடத்தை எட்டியதும் நல்ல நொசில் கிர்ரென்று அதிர்ந்து பேசும். நுனியிலிருந்து மெல்லிய கூம்பாகப் புகார் கிளம்பி, கை நின்ற கணமே அறுந்துபோகும். நுனி ஈரமில்லாமல் இருக்கும். கெட்ட நொசில் பேசாது. நூல் மாதிரி ஒரு தாரையாக ஒழுகும், அல்லது ஒரு பக்கமாகச் சாய்ந்து துப்பும், முடிந்த பிறகும் நுனியில் ஒரு சொட்டுத் தொங்கும். இன்னொரு பரீட்சையும் உண்டு. திறக்கும் அமுக்கத்துக்குச் சற்றுக் கீழே முள்ளை நிறுத்திப் பத்து செக்கன் பிடித்திருக்க வேண்டும், அதற்குள் சொட்டு விழக்கூடாது. இந்தப் புகாரின் எதிரே விரலை நீட்டுவது பெரும் ஆபத்து. அது தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே தசை அழுகத் தொடங்கும். வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

திருத்துவதில் பாதி, கழுவுவதுதான். ஊசியைச் சுத்தமான டீசலில் கழுவி, கூட்டைச் சரித்துப் பிடித்து, ஊசியை மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்துவிட்டால், தன் பாரத்திலேயே அது வழுகி இறங்க வேண்டும். நடுவில் தயங்கினால் ஊசி, கூடு இரண்டையும் சோடியாக மாற்ற வேண்டியதுதான். திறக்கும் அமுக்கம் குறைந்திருந்தால் ஸ்பிரிங்குக்கு மேலே உள்ள மெல்லிய சிம் தகட்டை மாற்றுவார்கள். 0.05 மில்லிமீற்றர் கூடுதலாகத் தடித்த தகடு போதும், மீற்றரில் வித்தியாசம் தெரியும். பூட்டும்போது பழைய வோசரைத் திரும்பப் போடக்கூடாது. ஒருமுறை நசுங்கிய வோசர் மறுமுறை கசிவை அடைக்காது.

இவ்வளவு செய்தும் சில மாதத்தில் அதே வான் அதே நடுக்கத்தோடு திரும்பி வருவதுண்டு. ஏனென்றால் இன்ஜெக்டர் பழுது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இன்ஜெக்டரில் தொடங்குவதில்லை. டீசல் கடந்து வந்த பாதையில் எங்கோ நடந்த தவறு, மிக நுண்ணிய இடைவெளியுள்ள அந்தக் கடைசிப் பொருளில் வந்து வெளிப்படுகிறது.

அந்தத் தவறுகளில் முதன்மையானது தண்ணீர். திருகோணமலைச் சீனன்குடாவில் காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளை எல்லோருக்கும் தெரியும். பிரித்தானியர் தங்கள் ஆட்சிக்காலத்தில் கடற்படைக்காகக் கட்டியவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒன்று எரிந்தது. இன்று 99 நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கன மீற்றர் கொள்ளும். அவ்வளவு பெரிய தாங்கியானாலும் வானின் டாங்கியானாலும் விதி ஒன்று: தண்ணீர் டீசலை விடக் கனமானது, அடியில்தான் போய்ச் சேரும். அதனால்தான் பெரிய எண்ணெய்த் தாங்கிகளில் அடியில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுவார்கள். வானிலும் அதற்கு வழி இருக்கிறது. டீசல் பில்டரின் அடியில் ஒரு சின்னத் திருகு, மேலே ஒரு கைப்பம்ப். திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினால் அடியில் சேர்ந்த தண்ணீர் முதலில் வரும். ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துச் சற்று வைத்தால், தண்ணீர் கீழும் டீசல் மேலுமாகப் பிரிந்து நிற்கும். இந்த மாவட்டத்தில் வாடைக்காற்று மழை கொட்டும் நவம்பர், டிசம்பர், ஜனவரியில் பாதி காலியான டாங்கிக்குள் ஈரக்காற்று புகுந்து, இரவின் குளிரில் சுவரில் வியர்த்து இறங்கும்.

தண்ணீர் துருவை மட்டும் கொண்டுவருவதில்லை, உயிரையும் கொண்டுவருகிறது. ஹோர்மோகோனிஸ் ரெசினே என்று ஒரு பூஞ்சணம். டீசலும் தண்ணீரும் சந்திக்கிற எல்லையில் குடியிருந்து, குடிப்பதற்குத் தண்ணீரும் தின்பதற்கு டீசலுமாக வளரும். விமானங்களின் எரிபொருள் டாங்கிகளிலும் இது பெரிய தலைவலியாக இருந்திருக்கிறது. பில்டரில் வழுவழுப்பான கரும்பழுப்புப் படலம் கண்டால் அதை வெறும் அழுக்கென்று எண்ணிவிடக் கூடாது. அது கழிக்கும் அமிலம் உலோகத்தை அரிக்கும். தண்ணீர் இல்லாத டாங்கியில் அதனால் பிழைக்க முடியாது.

இரண்டாவது, மண்ணெண்ணெய். 2022 ஜூனில் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்கு ஏறியபோது மண்ணெண்ணெய் 87 ரூபாய். அந்த வித்தியாசத்தில் யாருக்கும் கலக்கத் தோன்றும். அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெயை 340 ரூபாய்க்கு உயர்த்திய பிறகுதான் அந்த ஆசை தளர்ந்தது. கலந்தாலும் எஞ்சின் ஓடும், அதுதான் ஏமாற்று. டொல்பினின் டீசல் பம்பின் உட்பாகங்களுக்கும் இன்ஜெக்டர் ஊசிக்கும் தனியாக ஒயில் கிடையாது. தங்களுக்குள் ஓடுகிற டீசலே அவற்றுக்கு வழுவழுப்பு. மண்ணெண்ணெய் டீசலை விட நீர்த்தது, வழுவழுப்பும் குறைவு. ஆயிரத்தில் இரண்டு பங்கு இடைவெளி தேய்ந்து நான்கு பங்காகும்போது அமுக்கம் கசிகிறது, அரைத் துளியின் கணக்குத் தப்புகிறது.

டொல்பினுக்குப் பின் வந்த கே.டி.எச். வான்களில் டீசலின் அமுக்கம் ஆயிரம் மடங்கைத் தாண்டும், இன்ஜெக்டரைத் திறந்து மூடுவது கணினி. அவற்றில் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் வேலையே வேண்டாம், உயிருக்கு ஆபத்து. அதற்குப் பதில், ஒவ்வோர் இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனிப் போத்தலில் பிடித்து அளவை ஒப்பிடுவார்கள். எதில் அதிகம் நிரம்புகிறதோ அதில் உட்கசிவு. முறை மாறினாலும் யோசனை ஒன்றுதான். அழுக்கையும் தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும் குணம்தான் புதியதில் குறைந்துவிட்டது.

ஆகவே “நாலு இன்ஜெக்டரும் மாத்தவேணும் அண்ணை” என்று யாராவது சொன்னால், காசை எடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை? இடம் மாற்றிப் பார்த்தபோது கோளாறு கூடவே போனதா? பில்டரின் அடியிலிருந்து வடித்த போத்தலில் என்ன இருந்தது? மூன்றாவது கேள்விக்குப் பதில் தண்ணீர் என்றால், முதலில் டாங்கியை இறக்கிக் கழுவுங்கள், பில்டரை மாற்றுங்கள். அதைச் செய்யாமல் பூட்டுகிற புது நொசிலும் பழைய நொசிலின் வழியில்தான் போகும்.