பூச்சின் விலையும் பூச்சின் வேலையும்

தோலுக்கும் தலைமுடிக்கும் என்று கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும் பொருட்கள் நூற்றுக்கணக்கில் பெருகிவிட்டபோதிலும், அவை செய்யும் வேலைகளை வகைப்படுத்தினால் ஐந்துக்கு மேல் தேறுவதில்லை. அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்குதல், தோலின் ஈரம் வற்றாமல் காத்தல், வெயிலின் கேட்டைத் தடுத்தல், மணமூட்டல், நிறத்தை எடுத்துக்காட்டல் ஆகிய இவ்வைந்தில் முதல் மூன்றும் தோலின் நலத்தைச் சார்ந்தவை. கடைசி இரண்டும் பூசிக்கொள்பவரின் மனநிறைவைச் சார்ந்தவை. முதல் இரண்டு வேலைகளுக்கான மூலப்பொருட்கள் பெரும்பாலும் மலிவானவை என்பதும், ஒரு புட்டியின் விலையை ஏற்றுவதில் நறுமணத்துக்கும் உறைக்கும் விளம்பரத்துக்கும் பெரும் பங்கு உண்டு என்பதும் தெளிவாகிவிட்டால், வீட்டிலும் வழியிலும் செலவைக் குறைப்பது கடினமன்று.

கடலூரில் பிறந்த பொட்டலம்

ஷாம்பு என்பது பெரிய புட்டிகளில் மட்டுமே விற்கப்பட்டு, வசதி படைத்தோரின் குளியலறையைத் தாண்டாதிருந்த 1970களில், கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் என்பவர் முகப்பவுடர், எப்சம் உப்பு முதலியவற்றைச் சிறு பொதிகளாக்கி விற்றுப் பார்த்தபின், திரவப் பொருளையும் அன்றாடக் கூலிக்காரர் வாங்கும் அளவுக்குச் சிறிய உறையில் அடைக்கும் முயற்சியில் இறங்கினார். அவருக்குப் பின் அவருடைய மக்கள் அதை ‘வெல்வெட்’ ஷாம்பு என்ற பெயரில் பரவலாக்கினர். அவர்களுள் ஒருவரான சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து, 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியே தொடங்கிய ‘சிக்’ ஷாம்பு தந்தையின் பெயரெழுத்துகளைத் தாங்கியது. அதைத் தயாரித்த நிறுவனமே பின்னர் கெவின்கேர் என்று பெயர் மாறியது. சிகைக்காயும் சோப்பும் பழகிய ஊர்களில் ஷாம்பு எப்படித் தேய்க்கப்படுகிறது என்பதைச் சிறுவர்களின் தலையில் தேய்த்துக் காட்டி, உலர்ந்த முடியைத் தொட்டுப் பார்க்கச் செய்ததும், எந்த நிறுவனத்தின் காலி உறையாயினும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பொட்டலம் இலவசம் என்று அறிவித்ததும் அதன் விற்பனை உத்திகளுள் புகழ்பெற்றவை.

ஏழைக்காகச் சிறிதாக்கப்பட்ட இப்பொட்டலம் இன்று கணக்குத் தெரிந்த எல்லோருக்கும் பயன்படுவதற்குக் காரணம், ஷாம்புவைப் பொறுத்தவரை பெரிய புட்டியே மலிவு என்ற பொது நம்பிக்கை பல நேரங்களில் பொய்த்துப்போவதாகும். எடுத்துக்காட்டாக, இரண்டு ரூபாய்ப் பொட்டலத்தில் 6 மில்லி இருப்பதாகவும், அதே ஷாம்பு 180 மில்லிப் புட்டியில் 150 ரூபாய்க்குக் கிடைப்பதாகவும் கொண்டால், பொட்டலத்தில் ஒரு மில்லிக்கு 33 காசும் புட்டியில் 83 காசும் ஆகிறது. பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் பொட்டலத்தின் விலையை ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்ற சில்லறைக் கணக்கைத் தாண்டி ஏற்ற முடியாதபடி போட்டி கட்டிப்போட்டிருக்கிறது. புட்டியின் விலைக்கு அத்தகைய கடிவாளம் இல்லை. ஆனால் தேங்காய் எண்ணெய், கட்டிச் சோப்பு போன்றவற்றில் கணக்குத் திரும்பிவிடுவதுண்டு என்பதால், ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிக்கோ ஆகும் விலையை ஒப்பிட்ட பிறகே வாங்குவது நலம். 2021ஆம் ஆண்டின் விதித்திருத்தத்தை ஒட்டி இந்த அலகு விலை இப்போது பெரும்பாலான உறைகளில் விற்பனை விலைக்கு அருகிலேயே அச்சிடப்படுகிறது. இல்லாத இடத்தில் வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். பல அடுக்கு நெகிழியாலான இவ்வுறைகளைப் பிரித்து மறுசுழற்சி செய்வது அரிது என்ற குறையும் சேர்த்து எண்ணத்தக்கது.

உறையின் பின்பக்கம்

விலைக்கு அடுத்துப் பார்க்கவேண்டியது உறையின் பின்பக்கத்துச் சிற்றெழுத்து. குளியல் சோப்பில் ‘டி.எஃப்.எம்.’ என்று குறிக்கப்படும் எண், அதிலுள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் விழுக்காட்டைக் காட்டுகிறது. இந்தியத் தர நிறுவனத்தின் அளவுகோலின்படி 76 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளது முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். இதற்குக் குறைந்த கொழுப்புள்ள கட்டிகள் சோப்பு என்ற பெயரைத் தவிர்த்து ‘பேத்திங் பார்’ என்று அச்சிடப்பட்டு விற்கப்படுகின்றன. கொழுப்புக் குறைந்தால் எடையை நிரப்பு பொருட்கள் ஈடுகட்டுவதால், அவ்வகைக் கட்டி ஈரத்தில் விரைவாகக் கரைந்துவிடுவதுண்டு. சோப்பே கலவாமல் மென்மையான சலவைப் பொருட்களால் செய்யப்படும் கட்டிகளுக்கு மட்டும் இந்த எண் பொருந்தாது. அவற்றில் கொழுப்பு குறைவாயினும் வறண்ட தோலுக்கு அவை இதமானவை.

கிரீம்களின் பின்பக்கத்தில் உட்பொருட்கள் மிகுதியானதிலிருந்து குறைவானதை நோக்கி வரிசையாக எழுதப்பட வேண்டும் என்பது விதி. ஒரு விழுக்காட்டுக்குக் குறைந்தவற்றை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதலாம். பெரும்பாலான கிரீம்களில் முதலில் நிற்பது ‘அக்வா’, அதாவது தண்ணீர். பட்டியலின் பிற்பகுதியில் ‘ஃபினாக்ஸி எத்தனால்’ என்ற பெயர் அடிக்கடி தென்படும். கிரீம் கெட்டுப்போகாமல் காக்கும் இப்பொருளை ஒரு விழுக்காட்டுக்கு மேல் சேர்க்க அனுமதியில்லை என்பதால், அதற்குப் பின்னால் எழுதப்பட்டவை எதுவும் ஒரு விழுக்காட்டைத் தாண்டப்போவதில்லை. முன்பக்கத்தில் பெரிய படமாக மின்னும் குங்குமப்பூவும் சந்தனமும் இந்த எல்லைக்கோட்டுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தால், வாங்குபவர் எதற்குப் பணம் தருகிறார் என்பது விளங்கிவிடும்.

ஈரம் காக்கும் பொருட்கள் மூன்று வகைப்படும். நீரை ஈர்த்துப் பிடித்துக்கொள்பவை ஒரு வகை. கிளிசரின் இதற்குச் சான்று. தோலின் மேலடுக்குச் செதில்களுக்கு இடையே நிரம்பி வழவழப்பாக்கும் எண்ணெய்கள் இரண்டாம் வகை. ஆவியாகும் ஈரத்தை மேலிருந்து மூடித் தடுப்பவை மூன்றாம் வகை. அமெரிக்காவில் எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களில் படிந்த மெழுகிலிருந்து ராபர்ட் செஸ்புரோ பிரித்தெடுத்து 1872இல் காப்புரிமை பெற்ற பெட்ரோலியம் ஜெல்லி இவ்வகையின் தலையாயது. மருந்துக்கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கிளிசரினைச் சம அளவோ அதற்கு மேலோ தண்ணீர் கலந்து, குளித்து முடித்த ஈரத் தோலில் பூசி, வெடிப்புள்ள இடங்களில் ஜெல்லியை மெல்லத் தடவினால், பெயர்பெற்ற கிரீம்கள் செய்யும் வேலையின் பெரும்பகுதி நிறைவேறிவிடுகிறது. தண்ணீர் கலந்த கிளிசரின் நாள்பட வைக்கத் தக்கதன்று என்பதால் அவ்வப்போது கொஞ்சமாகக் கலந்துகொள்வதே சரி.

ஒரே பொருள் பெயரால் மட்டும் வேறாகும் விந்தைக்குத் தேங்காய் எண்ணெயே சான்று. சிறு பொதிகளில் விற்கப்படும் தூய தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைக்கு எண்ணெயா என்று சேலம் கலால் ஆணையரகம் தொடுத்த வழக்கில், தலைக்கென்று குறிப்பிட்டு விற்றாலன்றி அது சமையல் எண்ணெயே என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அப்போது சமையல் எண்ணெய்க்கு வரி 5 விழுக்காடு, தலைக்கான எண்ணெய்க்கு 18 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22 முதல் தலைக்கான எண்ணெய், ஷாம்பு, கட்டிச் சோப்பு, முகப்பவுடர் ஆகியவற்றின் வரியும் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதால் அந்த இடைவெளி நீங்கியது.

நாட்டு மருந்துக் கடையும் மாவு மில்லும்

தமிழ்நாட்டில் மலிவான மாற்றுக்கு மிகப் பழைய முகவரி நாட்டு மருந்துக் கடை. சிகைக்காயிலும் உசிலை இலையை உலர்த்திப் பொடித்த அரப்பிலும் உள்ள ‘சப்போனின்’ என்னும் பொருள் தண்ணீரில் நுரைத்து எண்ணெய்ப் பிசுக்கை இழுத்து வெளியேற்றுவதால், அவை இயற்கையின் ஷாம்பு எனலாம். உடம்புக்குப் பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, காய்ந்த ரோஜா இதழ் ஆகியவற்றைக் கலந்த நலங்கு மாவு வழங்கிவருகிறது. இவற்றைத் தனித்தனியே நிறுத்து வாங்கி, மொறுமொறுப்பாக வெயிலில் காயவைத்து, மாவு மில்லில் கொடுத்து அரைத்துக்கொண்டால், கடையில் கிடைக்கும் பொடியைவிடச் செலவு குறைவதோடு உள்ளே என்ன இருக்கிறது என்ற ஐயமும் இல்லை. மிளகாய் அரைத்த எந்திரத்தில் அடுத்து அரைத்தால் முகமும் கண்ணும் எரியும் என்பதால், முதலில் கொஞ்சம் பச்சைப்பயறை ஓட்டி அந்த மாவை ஒதுக்கிவிட்டுப் பிறகு மற்றவற்றைப் போடுவது பழக்கப்பட்டோர் கையாளும் முறை. அரைத்த சூட்டோடு டப்பாவில் மூடினால் மாவு வியர்த்துக் கெட்டுவிடும். தாளில் பரப்பி ஆறவைத்த பின்னரே அடைக்க வேண்டும்.

வீட்டில் கிடைப்பதெல்லாம் தோலுக்கு ஏற்றது என்றும் கொள்ளலாகாது. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசி வெயிலில் செல்பவருக்கு, அதிலுள்ள சில பொருட்கள் சூரிய ஒளியோடு வினைபுரிந்து கொப்புளத்தையும் கருந்தழும்பையும் உண்டாக்கக்கூடும். சமையல் சோடா காரத்தன்மை கொண்டது. தோலோ இயல்பில் மெல்லிய அமிலத்தன்மை உடையதாகையால் அது தோலுக்கு ஒவ்வாது.

வெயிலுக்கு எதிராக

வீட்டில் செய்துகொள்ள முடியாத ஒன்று உண்டென்றால் அது வெயில் தடுப்புக் கிரீம். தேங்காய் எண்ணெயோ மஞ்சளோ சந்தனமோ நம்பத்தக்க அளவில் புற ஊதாக் கதிரைத் தடுப்பதில்லை. உறையில் ‘எஸ்.பி.எஃப்.’ என்று குறிக்கப்படும் எண், தோலைச் சிவக்கவைக்கும் கதிரில் எத்தனையில் ஒரு பங்கு உள்ளே புகுகிறது என்பதைச் சுட்டுவதால், 30 என்ற கிரீம் ஏறக்குறைய 97 விழுக்காட்டையும் 50 என்பது 98 விழுக்காட்டையும் தடுக்கின்றன. ஒரு விழுக்காட்டு வேறுபாட்டுக்காக இரட்டிப்பு விலை கொடுப்பதைவிட, மலிவானதைத் தாராளமாகப் பூசுவதே மேல். ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும்; வெளியில் நிற்பவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். குடையும் முழுக்கைச் சட்டையும் ஒருமுறை வாங்கினால் பல கோடைகளுக்கு உழைப்பவை. கிரீமின் செலவை அவை குறைக்கும்.

வழிப்பயணத்தில்

பயணத்துக்கென்று விற்கப்படும் சின்னப் புட்டிகள் அளவுக்கு ஏற்ற விலையில் பெரும்பாலும் மிக உயர்ந்தவை. வீட்டிலுள்ள ஷாம்புவையும் கிரீமையும் கழுவி உலர்த்திய சிறு டப்பாக்களில் மாற்றிக்கொண்டால் அந்தச் செலவு மிச்சம். 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பிரிட்டனில் திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி வெளிப்பட்டதை அடுத்து, பன்னாட்டு விமானங்களில் கைப்பையில் எடுத்துச் செல்லும் திரவம், கிரீம், ஜெல்லி ஒவ்வொன்றும் 100 மில்லிக்கு மேற்படாத கொள்கலத்தில், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஒளி ஊடுருவும் பையில் அடங்க வேண்டும் என்ற விதி பரவலாயிற்று. கணக்கில் வருவது கொள்கலத்தின் கொள்ளளவே என்பதால், பாதி தீர்ந்த 200 மில்லிப் புட்டியும் குப்பைத் தொட்டிக்கே போகும். கட்டிச் சோப்பும் நலங்கு மாவும் திரவக் கணக்கில் சேர்வதில்லை.

ஊட்டிக்கு மலையேறும் பேருந்தில் சிப்ஸ் பொட்டலம் உப்பிக்கொள்வதும், விமானத்தில் எண்ணெய்ப் புட்டி ஒழுகுவதும், வெளிக்காற்றின் அழுத்தம் குறைய உள்ளே அடைபட்ட காற்று விரிவது என்ற ஒரே காரணத்தால் நிகழ்பவை. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. விமானத்தின் உள்ளே காற்றழுத்தமும் ஏறக்குறைய அந்த உயரத்துக்கு உரியதாகக் குறைகிறது. புட்டியை லேசாகப் பிதுக்கிக் காற்றை வெளியேற்றி, வாய்க்கு ஒரு துண்டு நெகிழித் தாளை வைத்து மூடி திருகினால் துணிகள் தப்பும்.

போகும் ஊரின் தண்ணீரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுந்த உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் வெண்திரையாகப் படிந்து முடியைச் சிக்காக்கும். ஷாம்பு அத்தண்ணீரிலும் நுரைக்கும் என்பதால், அங்கே இரண்டு பொட்டலம் கையிலிருப்பது நல்லது. சிங்கப்பூர், மலேசியா செல்வோர் விமான நிலையக் கடையைக் கடந்து, ஊருக்குள் உள்ள கார்டியன், வாட்சன்ஸ் போன்ற மருந்துக்கடைகளில் அக்கடைகளின் சொந்தப் பெயரில் விற்கும் பொருட்களின் விலையையும் பார்த்தபின் முடிவெடுக்கலாம்.

மலிவின் எல்லை

சில வாரங்களில் முகத்தை வெளுப்பாக்கும் என்று சந்தையிலோ வெளிநாட்டுப் பயணத்திலோ வாங்கப்படும் முகவரியற்ற கிரீம்கள் மட்டும் எந்த விலைக்கும் வாங்கத் தகாதவை. அவற்றில் பலவற்றில் கலக்கப்படும் பாதரசம் தோலின் நிறமியைத் தடுத்து விரைந்து வெளுப்பாக்குகிறது. பிறகு உடலில் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் இத்தகைய கிரீம்களைப் பூசியவர்களிடையே சிறுநீரக நோய் கண்டறியப்பட்டது 2023இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளும் முதலில் பளபளப்பைத் தந்து, பின்னர் தோலை மெலியவைத்துப் பருவையும் முடிவளர்ச்சியையும் கொண்டுவருகின்றன. தயாரிப்பாளரின் முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவையும், இறக்குமதிப் பொருளாயின் பதிவுச் சான்றிதழ் எண்ணும் உறையில் இல்லையெனில் அதை வைத்துவிட்டு நகர்வதே தக்கது.

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால், ஒரு கட்டிச் சோப்பு, ஒரு சிறு டப்பா ஜெல்லி, நாலைந்து ஷாம்புப் பொட்டலங்கள், ஒரு வெயில் தடுப்புக் கிரீம், ஒரு பொதி நலங்கு மாவு, ஒரு குடை என்பதாக அட்டவணை முடிந்துவிடுகிறது. குளியலறை அலமாரிக்கும் பயணப்பைக்கும் இந்த அட்டவணை ஒன்றே. மணத்துக்கும் நிறத்துக்கும் இதற்கு மேல் எவ்வளவு செலவிடுவது என்பது அவரவர் விருப்பத்தையும் பணப்பையையும் பொறுத்தது.