குழாய்க்குள் கரையும் சர்க்கரை

வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "வெறும் வயிற்றில் வீட்டு மீட்டரில் 138 காட்டியது. அதே நேரத்தில் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப்போன லேப், மாலையில் 121 என்று ரிப்போர்ட் அனுப்பியது. மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடலாமா?"

வேண்டாம். இரண்டும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும் என்று விதியே இல்லை. வீட்டு மீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 15197 தரவிதியின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, சர்க்கரை 100 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் 15 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்கிறது. நூற்றுக்கு 95 அளவீடுகள் அதற்குள் அடங்கினால் மீட்டர் தேறிவிடும். 121க்குப் 15 சதவீதம் 18. ஆக, 138 தேர்ச்சிதான்.

வித்தியாசத்துக்குக் காரணங்கள் பல. சாப்பிட்ட பிறகு விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரை சிரை ரத்தத்தைவிடக் கூடுதலாக இருக்கும். ரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல மீட்டர்கள் அதிகமாகக் காட்டும். பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்தினால், மீட்டர் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்தே அளக்கும்.

ஆனால் என்னை வியக்க வைப்பது லேப் பக்கத்துக் காரணம்தான். சிவப்பணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா கிடையாது. உடம்பெல்லாம் ஆக்சிஜன் சுமந்து கொடுக்கும் அது, தன் பிழைப்புக்கு அதைத் தொடுவதில்லை. குளுக்கோஸை உடைத்தே வாழ்கிறது. குழாய்க்குள் அடைத்த பிறகும் அந்தப் பசி அடங்காது. அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை குறையும். வெயிலில் இன்னும் வேகமாக. பிள்ளைகளோடு ரயிலில் போகும்போது எங்கள் வீட்டுப் புளியோதரைப் பொட்டலம் ஊர் போய்ச் சேருமுன் பாதியாகிவிடும். லேப் எண்ணுவது, போய்ச் சேர்ந்த சோற்றை.

இதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் சோடியம் புளோரைடு வைத்திருக்கிறார்கள். இதிலும் ஒரு வேடிக்கை. குளுக்கோஸ் உடைவது பத்துப் படிகளில். புளோரைடு தடுப்பது ஒன்பதாம் படியில் வேலை செய்யும் எனோலேஸ் என்ற நொதியை. அதற்கு முந்தைய படிகள் உடனே நிற்பதில்லை. முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சர்க்கரை குறைந்துகொண்டேதான் இருக்கும். ரத்தத்தைச் சற்று அமிலமாக்கும் சிட்ரேட் சேர்த்த குழாய்கள் தொடக்கப் படிகளையே மடக்கிவிடுகின்றன. அது இல்லாத இடத்தில், ரத்தம் எடுத்த கையோடு ஐஸில் வைத்து, அரை மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும்.

வாசகரின் 121க்கு வருவோம். வெறும் வயிற்றில் 126 என்பது நீரிழிவின் எல்லைக்கோடு. பைக் பெட்டியில் தெருத்தெருவாகச் சுற்றிய ரத்தம், கையிலிருந்து எடுத்தபோது அந்தக் கோட்டைத் தாண்டி இருந்திருக்கலாம். நிம்மதி தந்த எண்ணே தவறாக இருக்கலாம் என்பதுதான் என் கவலை. மீட்டரை வைத்தும் நோயைத் தீர்மானிக்கக் கூடாது. லேபுக்கே நேரில் போய் மறுபடி பரிசோதித்துக்கொள்ளுங்கள். கூடவே, குழாயில் காத்திருப்பதால் இப்படிக் குறையாத எச்பிஏ1சி சோதனையையும் மருத்துவரிடம் கேளுங்கள். மீட்டரைச் சரிபார்க்க வேண்டுமானால், வெறும் வயிற்றில் கையைச் சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, லேபில் ரத்தம் எடுக்கும் அதே நேரத்தில் விரலிலும் குத்திப் பாருங்கள்.

காசு கொட்டி மீட்டர் வாங்குகிறோம். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்துபோட்டு ஈரக்காற்றில் வீணடிக்கிறோம். லேப்களோ வீடு தேடி வருவதை விளம்பரப்படுத்துகின்றன. ரத்தம் எத்தனை மணி நேரம் காத்துக் கிடந்தது என்று சொல்வதில்லை. எடுத்த நேரம், பிளாஸ்மாவைப் பிரித்த நேரம் இரண்டையும் ரிப்போர்ட்டில் அச்சிட என்ன செலவாகிவிடப் போகிறது? காசு கொடுக்கும் நாம்தான் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.