காலேஜ் வேலையை நம்பி கடன் கணக்குப் போடாதீங்க!

எங்கள் தெருவில் இந்த வருடம் மட்டும் மூன்று வீடுகளில், பிள்ளைகளை எம்.எஸ். படிக்க அமெரிக்கா அனுப்ப ஏற்பாடு நடக்கிறது. மூன்று வீட்டிலும் ஒரே பேச்சு. 'முதல் செமஸ்டர் பீஸ் கட்டினா போதுமாம் அக்கா. மீதியை அங்கேயே பார்ட் டைம் வேலை பார்த்து கட்டிக்கலாம்னு ஏஜென்ட் சொல்லிட்டாரு' என்கிறார்கள்.

என் மகள் 2022 ஆகஸ்டில் டெக்சாஸ் போய், 2024 மே மாதம் படிப்பை முடித்தாள். இரண்டு வருடமும் யுனிவர்சிட்டிக்குள்ளேயே வேலை பார்த்தவள். அவள் சொல்லிச் சொல்லி எனக்கு அத்துப்படியான விஷயங்களை, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போகிற சகோதரிகளுக்காக எழுதுகிறேன்.

மாணவர் விசாவில் போகிறவர்கள், கிளாஸ் நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அதுவும் யுனிவர்சிட்டி வளாகத்துக்குள். செமஸ்டர் லீவில் முழு நேரம் பார்க்கலாம். ஆனால் லீவில் ஹாஸ்டலே காலியாக இருக்கும்போது, கேன்டீனில் யாருக்கு வேலை இருக்கும்?

சம்பளம்? மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009-லிருந்து அதே தொகைதான். கலிபோர்னியா மாதிரி சில மாநிலங்களில் அதிகம். அங்கே 2024-ல் 16 டாலர். அதற்கேற்ற மாதிரி வீட்டு வாடகையும் அங்கே கழுத்தைப் பிடிக்கும். டெக்சாஸில் 7.25 தான் சட்டம். என் மகளுக்கு சாப்பாட்டுக் கூடத்தில் 9 டாலர் கொடுத்தார்கள். வாரம் 20 மணிக்கு 180 டாலர். ஒரு செமஸ்டருக்கு 15 வாரம் என்று வைத்தால் 2,700 டாலர். அவள் பீஸோ வருடத்துக்கு 20 ஆயிரம் டாலருக்கு மேல்! நாலு பேராகப் பங்கு போட்ட வாடகை, அரிசி பருப்பு, போன் பில் இதற்குத்தான் அந்தக் காசு சரியாக இருந்தது. பீஸ் பக்கம் ஒரு டாலர் கூடப் போகவில்லை.

அந்த வேலையும் போன உடனே கிடைக்கவில்லை. நூலகத்தில் கேட்டாள், ஆபீசில் கேட்டாள்; இரண்டு மாதம் கழித்து சாப்பாட்டுக் கூடத்தில் கிடைத்தது. வேலை தருகிறோம் என்று கடிதம் வாங்கி, வெளிநாட்டு மாணவர்களுக்கான அலுவலகத்திலும் ஒரு கடிதம் வாங்கி, அதற்கப்புறம்தான் சோஷியல் செக்யூரிட்டி நம்பருக்கே எழுதிப் போட முடியும்.

காலை 6 மணி ஷிப்ட். தட்டுகளை மெஷினில் அடுக்கணும், மேஜை துடைக்கணும். வீடியோ காலில் தலையில் வலைத் தொப்பியோடு அவளைப் பார்த்த என் மாமனார், 'இன்ஜினியரிங் படிச்ச பொண்ணு எச்சில் தட்டு எடுக்கவா கடல் தாண்டிப் போனா?' என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவளோ, 'தாத்தா, எங்க கிளாஸ்ல இருக்கற அமெரிக்கப் பசங்களும் இதே வேலைதான் பாக்கறாங்க. ஷிப்ட் பாத்தா ஒரு வேளை சாப்பாடு ஓசி தெரியுமா!' என்று சிரித்தாள். சைவம் சாப்பிடும் பிள்ளைகள், காய்கறி சாலட் பகுதியில் போடச் சொல்லி முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. அவள் கேட்டாள், கொடுத்தார்கள்.

இந்த 20 மணி நேரக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டையும் சேர்த்துத்தான் 20. இந்த வாரம் 15, அடுத்த வாரம் 25 என்று சரிக்கட்டவும் முடியாது. ஒரு தடவை கூட வேலை பார்த்த பெண்ணுக்குக் காய்ச்சல். 'என் ஷிப்டை நீ பாத்துக்கறியா?' என்று கேட்டிருக்கிறாள். என் மகளுக்கு அந்த வாரம் ஏற்கெனவே 19 மணி ஆகிவிட்டது. மனசு கேட்காமல்தான் முடியாது என்று சொன்னாளாம். புரொபசரிடம் டி.ஏ. வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம். பல இடங்களில் பீஸிலேயே ஒரு பகுதியோ முழுசுமோ தள்ளுபடி ஆகும். ஆனால் அதுவும் இந்த 20-க்குள்தான். எம்.எஸ். பிள்ளைகள் எல்லாருக்கும் அது கிடைத்துவிடாது.

எனக்கு மனசு பதறுவது வேறு விஷயத்துக்கு. உறவுக்காரப் பையன் ஒருவன், வேறு ஊரில் படித்தவன், பீஸ் கட்ட வழியில்லாமல் வெளியே ஒரு ஓட்டலில் ராத்திரி வேலைக்குப் போனான். கையில் ரொக்கமாகச் சம்பளம். சட்டப்படி தரவேண்டிய கூலிகூட இல்லை. கடைசி மாதச் சம்பளத்தை முதலாளி தரவே இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் இவனுக்குத்தான் முதலில் ஆபத்து. அனுமதி இல்லாமல் வெளியே வேலை பார்த்தது தெரிந்தால் மாணவர் அந்தஸ்தே போய்விடும். படிப்பைப் பாதியில் விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். கடன் மட்டும் இங்கே வட்டியோடு நிற்கும். வெளியே வேலை பார்க்க முறையான அனுமதிகள் உண்டு. ஆனால் அவை படித்த துறை சம்பந்தப்பட்ட வேலைக்கு, அதுவும் பொதுவாக ஒரு கல்வியாண்டு முடிந்த பிறகுதான்.

அந்தப் பையன் வீட்டில் போன் போட்டால் முதல் கேள்வியே, 'மாசம் எவ்வளவு மிச்சம் பிடிக்கறே? எதிர் வீட்டுப் பையன் வீட்டுக்கே பணம் அனுப்பறானாமே!' என்பதுதான். அவன் எந்த வாயால் உண்மையைச் சொல்வான்? எல்லாம் முடிந்த பிறகுதான் அவன் அம்மாவுக்கே தெரிந்தது. என்னிடம் சொல்லி அழுதார்.

அதனால் பாங்குக்குப் போகும்போது இரண்டு வருட பீஸையும் முழுசாகக் கடனிலும் கையிருப்பிலும் வைத்துக் கணக்குப் போடுங்கள். காலேஜ் வேலைச் சம்பளம் என்ற வரியை அந்தத் தாளில் எழுதவே எழுதாதீர்கள். வந்தால் மளிகைக்கு ஆகும்.

ஒன்றை விட்டுவிட்டேனே! மாணவர் விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு முதல் ஐந்து காலண்டர் வருடங்களுக்குச் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் கிடையாது. சில இடங்களில் தெரியாமல் பிடித்துவிடுவார்கள். சம்பளச் சீட்டைப் பார்த்துக் கேட்டால் திருப்பித் தருவார்கள். வருமான வரிக் கணக்கை ஏப்ரல் 15-க்குள் கட்டாயம் கொடுக்கணும். வேலையே பார்க்காத பிள்ளையும் ஒரு படிவம் அனுப்பணும். இந்திய மாணவர்களுக்கு இரு நாட்டு ஒப்பந்தப்படி வரியில் சலுகை உண்டு. என் மகளுக்குப் பிடித்த வரி அப்படித்தான் திரும்பி வந்தது. அதில் ஒரு பிரஷர் குக்கர் வாங்கிக்கொண்டாள்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.