மோட்டார் வண்டியின் டைமிங் சங்கிலி

அதிகாலையில் மோட்டார் வண்டியின் எஞ்சினை இயக்கியதும், தகரப் பேணியிற் கூழாங்கற்களை இட்டுக் குலுக்கினாற் போன்ற ஓர் ஓசை எழும். இரண்டொரு விநாடிகளில் அடங்கிவிடும். அடங்கிவிடுவதனால் வண்டிக்காரரும் அதனை மறந்துவிடுவார். சில மாதங்கள் கழித்து, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் செல்லும் நெடுவழியில் வண்டி திடீரென நின்றுவிடுகின்றது. அறியாத ஊரில், அறியாத திருத்துநர் ஒருவர் முன்மூடியைத் திறந்து பார்த்து, "எஞ்சின் முடிந்துவிட்டது, வேறு எஞ்சின் போடவேண்டும்" என்கின்றார். அவர் கூற்று மெய்யா, பொய்யா?

எஞ்சினின் அடியிற் பிஸ்டன்களாற் சுழற்றப்படுவது கிராங்க் தண்டு. மேலே வால்வுகளைத் திறப்பது கேம் தண்டு. இவ்விரண்டையும் பிணைப்பதே டைமிங் சங்கிலி. கிராங்க் தண்டு இருமுறை சுழலும்பொழுது கேம் தண்டு ஒருமுறை சுழலவேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுமாயின், ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடும். பல எஞ்சின்களில், திறந்த வால்வு நிற்கும் இடத்துக்கே பிஸ்டனும் மேலேறி வருகின்றது; முறை தவறாமையினாலேயே இரண்டும் மோதுவதில்லை. சங்கிலி அறுந்தாலோ, பற்சில்லில் சில பற்களைத் தாண்டினாலோ, பிஸ்டன் வால்வை முட்டி வளைத்துவிடும். ஆகவே, நின்றுபோன எஞ்சினை மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்து பார்ப்பது பெருந்தவறு.

பட்டியைப் பயன்படுத்தும் எஞ்சின்களில், குறித்த தூரம் ஓடியதும் பட்டியை மாற்றுவர். சங்கிலியோ எஞ்சினின் ஆயுள்வரை உழைக்கும் என்பர். இந்த நம்பிக்கை கெடுத்த எஞ்சின்கள் பல. சங்கிலியின் மூட்டுகள் தேயத் தேய அதன் நீளம் கூடும். அத்தளர்வை ஏற்று இறுக்கும் டென்ஷனர், பெரும்பாலான எஞ்சின்களில் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குவது. எண்ணெயைக் காலத்தில் மாற்றாவிடின் இரண்டும் கெடும். காலையிற் கேட்ட ஓசை, எண்ணெய் அழுத்தம் ஏறுமுன் தளர்ந்த சங்கிலி எழுப்பிய ஓசையே.

இனித் திருத்துநரிடம் வருவோம். மூடியைத் திறந்து பார்த்த அளவில் எஞ்சின் முடிந்தது என்று எவராலும் துணிய இயலாது. ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளக்கவேண்டும். வால்வு வளைந்திருப்பின் அமுக்கம் இராது. கணினிக் கருவி காட்டும் பி0016 என்ற குறியும் முடிவான சான்றன்று. கிராங்க் தண்டும் கேம் தண்டும் ஒத்துப்போகவில்லை என்பதே அதன் பொருள். பழுதான உணரியும் அதனைத் தோற்றுவிக்கலாம். ஆனால், சங்கிலியோடு டென்ஷனர், வழிகாட்டித் துண்டுகள், பற்சில்லுகள் ஆகியவற்றையும் மாற்றவேண்டும் என்பவரை உடனே ஐயுறுதல் நேர்மையன்று. நல்ல திருத்துநரும் அவ்வாறே கூறுவார். எஞ்சினின் முன்புறத்தைக் கழற்றவேண்டியிருப்பதாற் கூலியும் மிகும்.

ஐயுறவேண்டிய வேறோரிடம் உண்டு. புதிய சங்கிலியைப் பூட்டியபின், கிராங்க் தண்டை ஸ்பானரினாற் கையால் இரு முழுச்சுற்றுச் சுழற்றி, அடையாளங்கள் பொருந்துகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். இதனைச் செய்யாது ஸ்டார்ட் செய்பவர் நல்ல வால்வுகளைத் தாமே வளைத்துவிட்டு, "முன்னமே வளைந்திருந்தன" என்று கூறவும் கூடும். வேலைக்கு முன் எடுத்த அமுக்க அளவுகள் எழுத்தில் இருப்பின் அவ்வாறு கூற இயலாது. பழைய சங்கிலியையும் திருப்பித் தருமாறு தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். புதியதன் அருகில் நீட்டி வைத்தால், தேய்வு கண்ணுக்கே தெரியும்.

வேலை, பொருள், கூலி மூன்றையும் தனித்தனியே குறித்த மதிப்பீட்டையும், பணம் செலுத்தியபின் பற்றுச்சீட்டையும் பெறுதல் வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், பொருள்களுக்கு மட்டுமன்றிச் சேவைகளுக்கும் பொருந்தும். முறைப்பாட்டை எழுத்து மூலம், சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் சபைக்கு அனுப்பவேண்டும்.