உங்களுக்குத் தெரியுமா? ஊசி நூலில் சுட்ட மெதுவடை

● 2014-ல் லண்டனில் ஒரு மளிகைக் கடை திறந்தார்கள். டின் உணவு, சிப்ஸ் பாக்கெட், செய்தித்தாள் என்று சுமார் 4,000 பொருள்கள். எல்லாமே ஃபெல்ட் துணியில் தைத்தவை! லூசி ஸ்பாரோ என்ற கலைஞரின் வேலை அது. 2017-ல் நியூயார்க்கில் 9,000 பொருள்கள், 2018-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் 31,000 பொருள்கள் என்று கடை பெருகிக்கொண்டே போனது. நம் வீட்டுக் கொலுவில் செட்டியார் கடைக்கு முன்னால் குட்டிக் குட்டியாகப் பருப்பும் அரிசியும் பரப்பி வைப்போமே, அந்த ஆசைதான் அங்கே ஒரு முழுக் கடையாக நின்றது.

● ஃபெல்ட் துணிக்குத் தறி கிடையாது. பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஆட்டு ரோமத்தில் வெந்நீரும் சோப்பும் விட்டுத் தேய்க்கத் தேய்க்க, ரோமத்தின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு தகடாக இறுகிவிடும். ஊட்டியில் ஆசையாக வாங்கிய கம்பளி ஸ்வெட்டர், வாஷிங் மெஷினில் வெந்நீரில் சுற்றி வந்தபின் சின்னப்பிள்ளைச் சட்டை அளவுக்குச் சுருங்கிவிடுகிறதே, அங்கே நடப்பதும் இதுதான்.

● நெய்த இழை இல்லாததால் வெட்டிய ஓரம் பிரிவதில்லை. ஓரம் மடித்து எம்மிங் செய்ய வேண்டாம், ஓவர்லாக் வேண்டாம், உட்புறம் தைத்து வெளியே புரட்ட வேண்டாம். ஊசி பிடித்துப் பழகாதவரிடம் இவ்வளவு பொறுமை காட்டும் துணி வேறு இல்லை. பிள்ளைகளுக்கு முதல் தையல் சொல்லித் தருகிறவர்கள் வழுக்கும் துணியைக் கொடுத்து அழவிடாதீர்கள், ஃபெல்ட்டைக் கொடுங்கள்.

● கடைகளில் வண்ண வண்ணமாக விற்கும் மலிவான ஃபெல்ட் ஷீட் பெரும்பாலும் பாலியஸ்டர். அந்த இழைக்குச் செதில் இல்லாததால் வெந்நீர் வித்தை அதனிடம் பலிக்காது. முள் வைத்த ஊசிகளால் மேலும் கீழும் குத்திக் குத்தியே இழைகளைப் பின்னிவிடுகிறார்கள். வெந்நீரில் சுருங்காது என்பது இதன் நல்ல குணம். புழங்கப் புழங்க மேலே பிசிறு திரண்டு உருண்டை கட்டும் என்பது குறை.

● அடைத்துத் தைத்த ஃபெல்ட் உருவங்கள் புதுப்பழக்கம் அல்ல. சைபீரியாவின் அல்தாய் மலைப் பகுதியில், பாசிரிக் என்ற இடத்தில், உறைந்த மண்ணுக்குள் இருந்த கல்லறை மேட்டிலிருந்து ஃபெல்ட் அன்னப்பறவைகள் கிடைத்தன. வயது 2,200 ஆண்டுகளுக்கும் மேல். பனி காத்துக் கொடுத்த அந்தப் பறவைகளை செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

● ஜெர்மனியில் 1847-ல் பிறந்த மார்கரெட்டே ஷ்டைஃபுக்கு ஒன்றரை வயதில் போலியோ. கால்கள் செயலிழந்தன, வலது கையை அசைத்தாலும் வலி. அந்தக் கையோடுதான் தையல் கற்றார், 1877-ல் ஃபெல்ட் உடைகளுக்குக் கடையும் வைத்தார். 1880-ல் ஊசி குத்தி வைப்பதற்காக ஃபெல்ட்டில் சின்ன யானை ஒன்று தைத்தார். பெரியவர்கள் ஊசி குத்துவதற்குள் பிள்ளைகள் அதை விளையாட எடுத்துக்கொண்டார்கள். காதில் பொத்தான் வைத்து வரும் ஷ்டைஃப் பொம்மைகள் தொடங்கியது அந்த யானையில்தான். எனக்கு இந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் அலுக்காது.

● தையல் பெட்டியில் பலர் பார்த்திருப்பீர்கள்: ஊசி குத்தி வைக்கும் சிவப்புத் தக்காளி, அதன் காம்பில் தொங்கும் குட்டி ஸ்ட்ராபெரி. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து வருகிற ஜோடி. அந்த ஸ்ட்ராபெரி அழகுக்கு மட்டும் இல்லை. அதற்குள் எமரித் தூள் இருக்கும். மழுங்கிய, துருப்பிடித்த ஊசியை அதில் நாலு முறை குத்தி எடுத்தால் மினுமினுக்கும்.

● உணவுப் பொம்மைகளில் கைக்குச் சவாலானது நடுவில் ஓட்டையுள்ள பண்டம். அதனால் மெதுவடையையே எடுத்துக்கொள்வோம். பழுப்பு ஃபெல்ட்டில் ஒரே அளவில் இரண்டு வட்டம், நடுவில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஓட்டை. பலரும் வெளி ஓரத்திலிருந்து தொடங்கிவிடுவார்கள். அங்கேதான் தவறு. முதலில் நடு ஓட்டையின் ஓரத்தைச் சுற்றித் தைக்க வேண்டும். வெளி ஓரத்தை மூடிப் பஞ்சையும் அடைத்துவிட்டால், ஓட்டையின் இரண்டு ஓரங்களும் விலகி நிற்கும். சேர்த்துப் பிடிக்க விரல் எட்டாது.

ஓட்டை முடிந்ததும் வெளி ஓரத்தில் கம்பளித் தையல். ஒவ்வொரு குத்துக்கும் நூலை வளையத்துக்குள் விட்டு இழுக்க, ஓரத்தில் ஒரு கயிறு போட்டதுபோல் வரும். நாலு விரற்கடை தைத்தவுடன் நிறுத்திப் பஞ்சு அடையுங்கள். பஞ்சைக் கட்டியாகத் திணிக்காமல் பிய்த்துப் பிய்த்து, பென்சிலின் பின்முனையால் ஓட்டையைச் சுற்றித் தள்ள வேண்டும். பிறகு மறுபடியும் நாலு விரற்கடை தையல். கடைசியில் அடர்பழுப்பு நூலால் அங்கங்கே முடிச்சுத் தையல் போட்டால் மொறுமொறுப்பு வந்துவிடும். கறிவேப்பிலைக்குப் பச்சை நூலில் இரண்டு குத்து போதும்.

● இட்லி தைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. நீளாத துணியில் இரண்டு வட்டங்களை ஓரம் சேர்த்துத் தைத்து முழுக்க உப்ப வைத்தால், குறுக்களவு ஏறக்குறைய கால்பங்கு குறைந்துவிடும். 10 செ.மீ. வட்டம் 7.6 செ.மீ. ஆகும், ஓரமும் சுருங்கி மடிப்பு விழும். ஃபெல்ட் கொஞ்சம் இழுபடும், நாமும் முழுக்க அடைப்பதில்லை; ஆனாலும் நினைத்த அளவைவிடப் பெரிதாகவே வெட்டுங்கள்.

● எம்பிராய்டரி நூலில் 6 இழைகள் தளர்வாகச் சேர்ந்திருக்கும். ஃபெல்ட் ஓரத்துக்கு 2 இழை போதும், ஒவ்வொன்றாக உருவிப் பிரித்தால் சிக்காது. நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். வெட்டும் கோட்டை வரைய, தேய்ந்து மெலிந்த சோப்புத் துண்டே நல்ல சாக்.

● உள்ளே அடைக்க நம்மிடம் போடி இலவம் பஞ்சு உண்டு. அதன் இழை உள்ளீடற்ற குழாய், மேலே மெழுகுப்பூச்சு. தண்ணீர் எளிதில் ஏறாது. அந்தக் குணத்துக்காகவே ஒருகாலத்தில் உயிர்காப்பு அங்கிகளில் அடைத்தார்கள். ஆனால் துவைத்தால் கட்டி தட்டும். அடிக்கடி அலச வேண்டிய பொம்மைக்கு பாலியஸ்டர் பஞ்சே சரி.

● இட்லிக்குக் கண்ணும் வாயும் வைத்தால் உடனே கொஞ்சத் தோன்றுகிறதே, ஏன்? பெரிய நெற்றி, கீழே தள்ளிய பெரிய கண், குண்டுக் கன்னம் ஆகிய குழந்தைமுகக் குறிகள் பெரியவர்களிடம் பரிவைத் தூண்டுகின்றன என்று 1943-ல் கொன்ராட் லோரன்ஸ் எழுதினார். ஆகவே கண்களை நடுக்கோட்டுக்குக் கீழே, நன்றாகத் தள்ளித் தள்ளி வையுங்கள்.

● ஜப்பானில் பிள்ளைகளின் சமையல் விளையாட்டுக்கு ‘மாமாகோதோ’ என்று பெயர். அதற்காக வீடுகளில் ஃபெல்ட் உணவு தைப்பது அங்கே நன்கு பழகிய கைவேலை. சாப்பாட்டுக்கு ஜப்பானியக் குழந்தைப் பேச்சில் ‘மம்மா’. நம் வீட்டில் ‘மம்மு’!

● 31.7 மி.மீ. அகல உருளைக்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் 3 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் தொண்டையில் சிக்கலாம் என்பது பொம்மைப் பாதுகாப்புச் சோதனையின் அளவுகோல். பொத்தானும் மணியும் அதில் சுலபமாக அடங்கும். அந்த வயதுக்குத் தைப்பவர்கள் கண்ணை நூலாலேயே போடுங்கள். தையலை நாலு பக்கமும் இழுத்துப் பாருங்கள். வேலைக்கு எடுத்த ஊசி எத்தனை, பெட்டிக்குத் திரும்பிய ஊசி எத்தனை என்று எண்ணிவிட்டு, பிறகு வடையைப் பிள்ளை கையில் கொடுங்கள்.