சிலந்தி பிடிக்கும் குளவி



குளவி ஒரு புழுவைக் கூட்டில் வைத்துக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே குளவியாக்கிவிடும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். கண்ணால் கண்டதை வைத்துத்தான் சொன்னார்கள். உள்ளே போனது வேறு, வெளியே வந்தது குளவி. இடையில் நடப்பது என்ன?

சிங்கப்பூரின் வடக்கே ஈசூன் நகர் இருக்கிறது. ரப்பரும் அன்னாசியும் பயிரிட்ட லிம் நீ சூன் (1879–1936) பெயரே மாண்டரின் உச்சரிப்பில் ஈசூன் ஆயிற்று. பால்மரம் நின்ற இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். ஆனால் குளவிகள் போய்விடவில்லை.

அவற்றுள் ஒன்று சிவப்புவால் சிலந்திக் குளவி. உடல் கறுப்பு, வயிற்றின் நுனி மட்டும் சிவப்பு. சிறகைத் துடிக்க விட்டுக்கொண்டு தரையில் விரைந்தோடும். வலை பின்னாமல் வீட்டுச் சுவரில் ஓடிக் கரப்பான் பிடிக்கும் பெரிய சிலந்தியே அதன் இரை. பெண் குளவி கொட்டியதும் சிலந்தி சாவதில்லை. கால்கள் முடங்கிக் கிடக்கும். செத்தால் அழுகிவிடும் அல்லவா? அதைப் பின்னோக்கி இழுத்துச் சென்று பொந்தில் வைத்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டை இடும். முட்டையிலிருந்து வரும் புழு சிலந்தியைத் தின்று வளர்ந்து குளவியாகும். சிலந்தி குளவியாக மாறவில்லை; குளவிக் குஞ்சுக்கு உணவாயிற்று.

இதைப் போலத் தோன்றும் வேறு குளவிகளும் உண்டு. லயத்துச் சுவரில் மண்கூடு கட்டுவதற்கு இடுப்பு நூல்போல் நீண்டிருக்கும். அது ஓர் அறைக்குள் பல சிறிய சிலந்திகளை அடைத்து வைக்கும். இவ்விரண்டும் தனித்து வாழ்பவை. காக்கக் கூட்டம் இல்லாததால் துரத்தி வருவதில்லை. கையால் பிடித்தாலோ மிதித்தாலோதான் கொட்டும்.

அஞ்ச வேண்டியது கதண்டு. தடித்த உடல், வயிற்றின் முன்பாதியில் மஞ்சள் கலந்த செம்பட்டை. மரத்திலோ கூரையிலோ காகிதம் போன்ற பெரிய கூடு கட்டிக் கூட்டமாய் வாழும். கூட்டை அசைத்தால் பல சேர்ந்து தாக்கும். கல்லெறியவோ தீ வைக்கவோ கூடாது. விலகி நின்று பொறுப்பானவர்களுக்குத் தெரிவியுங்கள். பல கொட்டுகள் பட்டாலும், முகம் வீங்கி மூச்சுத் திணறினாலும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டைக் காட்டிக் கொடுங்கள். தனியே சிலந்தியை இழுத்துப்போகும் குளவியைக் கண்டால் அடிக்க வேண்டாம். எட்ட நின்று பார்க்கட்டும். கதண்டுக் கூட்டைக் கண்டால் பார்க்கவும் நிற்க வேண்டாம்.