நாளத்தில் ஏற்றும் திரவமும் குருதிப் புரதத்தின் கசிவும்

1832 ஆம் ஆண்டிலே ஸ்கொத்துலாந்தின் லீத் நகரில் வாந்திபேதி பரவியபோது, தோமசு லாற்றா என்னும் வைத்தியர் நாடி அடங்கிக் கிடந்த நோயாளரின் நாளங்களில் உப்புக்கரைசலை ஏற்றினார். பிணம்போற் கிடந்தோர் சிலர் கண் விழித்துப் பேசினர். எல்லாரும் பிழைத்தாரல்லர்; எனினும் முறை சரியானதே. வாந்திபேதியில் உடல் இழப்பது நீரையும் உப்பையுமே. குருதிப் புரதம் கலன்களின் உள்ளேயே தங்கிவிடுதலால், ஏற்றிய நீரை அது பற்றிக்கொள்ளும். புரதமே கசிந்தோடும் நோய்களிலோ நிலைமை முற்றிலும் வேறாகும்.

இவ்வேறுபாட்டை உணர்தற்கு, நீரைப் புரதம் எவ்வாறு பற்றுகின்றது என்பதை அறிதல் வேண்டும். குருதியிற் கலங்கள் நீங்கலாக எஞ்சும் திரவவிழையத்தின் ஒரு லீற்றரிலே ஏறத்தாழ 70 கிராம் புரதம் உண்டு. அதிற் பாதிக்கு மேற்பட்டது அல்புமின். மயிர்த்துளைக்கலன்களில் இதயத்தின் அமுக்கம் நீரை வெளியே தள்ள, புரதங்கள் ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் இரசத்துக்குச் சமமான பிரசாரண அமுக்கத்தால் அதனை உள்ளே இழுக்கின்றன. இவ்விரு விசைகளின் போட்டியை 1896 இல் விளக்கியவர் ஏணெஸ்ற் ஸ்ராலிங் என்னும் ஆங்கிலேய உடற்றொழிலியலறிஞர்.

சுகதேகியின் கலன்களும் முற்றாக அடைபட்டவையல்ல. மணிக்கு நூற்றுக்கு ஐந்து பங்களவான அல்புமின் வெளியேறி, நிணநீர் வழியாக மீண்டும் குருதியை அடைகின்றது. கணக்கிட்டுப் பார்ப்பின், ஒரு நாளில் இவ்வாறு சுற்றிவரும் அளவு, குருதியில் எவ்வேளையும் உள்ள முழு அல்புமினிலும் சற்று அதிகம்! கசிவு நோயன்று; மீளுவதினும் கசிவு மிகும்போதே அது நோயாகின்றது.

கலன்களின் உட்சுவரிலே, வெல்லமும் புரதமும் பிணைந்த மெல்லிய படையொன்று குளத்துக் கற்படியிற் பாசி படர்ந்தாற்போலப் படர்ந்திருக்கின்றது. புரதத்தைத் தடுத்து நிறுத்துவதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. வெளியேறிய நீரிற் பெரும்பகுதி மயிர்த்துளைக்கலனின் நாள முனையில் மீளவும் உறிஞ்சப்படுகின்றது எனப் பல பாடநூல்கள் வரைந்துவந்த படம் பெரும்பாலான இழையங்களுக்குப் பொருந்தாது என்பதை, இப்படையைக் கணக்கிற் கொண்டு, 2010 இல் லெவிக், மிச்செல் என்போர் எடுத்துக்காட்டினர். மாணவர் இதனைக் குறித்துக்கொள்ளுதல் நன்று.

இனி, உப்புக்கரைசலை மிகுதியாக ஏற்றினால் நிகழ்வது யாது? முதலிற் புரதம் ஐதாகி அதன் இழுவிசை குறையும். கலனுள் அமுக்கம் உயர, வெளியேறும் நீர் புரதத்தையும் உடன்கொண்டு செல்லும். அன்றியும், இதயத்தின் சோணையறை விரிவடைந்து ஓர் ஓமோனைச் சுரக்கும். அவ்வோமோன் மேற்கூறிய படையை உரிக்க வல்லது என்பது கினிப்பன்றியின் இதயத்திற் செய்த பரிசோதனைகளிற் காணப்பட்டது. வெளியேறிய புரதமோ கலன்களிலிருந்து நீரைத் தன்பால் இழுக்கும். கசிவை ஈடுசெய்ய ஏற்றிய நீர் கசிவையே வளர்த்தல் இவ்வாறாம்.

அவ்வாறாயின் அல்புமினையே ஏற்றலாகாதோ என வினவலாம். அவுஸ்திரேலியாவிலும் நியூசீலந்திலும் ஏறத்தாழ 7,000 நோயாளரிடத்து நடந்து 2004 இல் வெளியான பெரும் ஆய்வில், அல்புமின் பெற்றோரும் உப்புக்கரைசல் பெற்றோரும் ஏறக்குறைய ஒரே தொகையினராய் இறந்தனர். ஓட்டை விழுந்த சுவர் ஏற்றிய அல்புமினையும் கசியவிடும் என்பது இதற்கு ஒரு விளக்கம். மாப்பொருளிலிருந்து ஆக்கிய கரைசல்களோ சிறுநீரகத்தைக் கெடுப்பன என்பது 2012 இல் தெளிவாயிற்று.

இவையாவும் ஈழத்திற் புறக்கணிக்கத்தக்க செய்திகளல்ல. 2017 இல் மட்டும் 1,80,000 இற்கு மேற்பட்டோர் இங்கு டெங்கு நோயாற் பீடிக்கப்பட்டனர். கடும் டெங்குவிற் காய்ச்சல் தணியும் வேளையிலேயே கசிவு தொடங்குகின்றது. காய்ச்சல் விட்டதெனப் பெற்றார் மகிழும் அந்நேரமே அபாய நேரம். திரவவிழையம் நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் தேங்க, குருதியிற் செங்கலங்களின் விகிதம் உயர்கின்றது. அவ்விகிதத்தை அடிக்கடி அளந்தும், மணிதோறும் சிறுநீரைக் கணக்கிட்டும், நாடி தளராதிருக்கப் போதுமான அளவே திரவம் ஏற்றுவர். ஓரளவான அதிர்ச்சி நிலைக்குச் சாதாரண உப்புக்கரைசல் வகையே போதும் என்பது வியற்னாமிற் சிறுவரிடத்துச் செய்து 2005 இல் வெளியான ஆய்வின் முடிபு. 24 முதல் 48 மணி நேரத்திற் கசிவு தானே நின்றுவிடும். அதன்பின், வெளியே தேங்கிய திரவம் நிணநீர் வழியாகக் கலன்களுக்கு மீள்கின்றது. அவ்வேளையிலும் ஏற்றுதலை நிறுத்தாவிடின், கசிவிலே தப்பிய பிள்ளையின் நுரையீரல் நீரால் நிறைந்துவிடும்.